பிக்னிக் இல்லை, சார்!

சென்ற மாதம் நம் சங்கத்தின் நூலகக் குழுக் கூட்டம் முடிந்து காப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிச் சிரித்தார். கனடாவில் இருக்கும் அவருடைய மருமகன் சொன்னதாம். அங்கே பூர்வகுடிப் பிள்ளைகள் குடியிலும் போதையிலும் விழுந்து மனம் உடைந்துபோனால், ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதோடு நில்லாமல் காட்டுக்கும் அனுப்புகிறார்களாம். ஊர்ப் பெரியவர்களோடு கூடாரத்தில் தங்கி, மீன் பிடித்து, முயலுக்குக் கண்ணி வைத்து, காட்டு வாத்து சுட்டுச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிறார்களாம். இதற்கு அரசாங்கம் பணம் வேறு தருகிறதாம். "வரி கட்டுகிறவன் காசில் பிக்னிக், சார்!" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்கு ஜீரணமாகவில்லை. காரணம் இரண்டு. ஒன்று, கனடாவில் நான் பார்த்த ஒரு ரயில் பாதை. மற்றொன்று, இங்கே பல வருஷங்களுக்கு முன் நான் போட்ட ஒரு கையெழுத்து. ஆசிரியர் இடம் கொடுத்திருப்பதால் இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

2023-ம் ஆண்டு கோடையில் வின்னிபெக்கில் இருக்கும் மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். மற்றவர்கள் கனடா போனால் நயாகரா பார்ப்பார்கள். எனக்கோ டிப்ளமா முடித்த நாளிலிருந்து ரிடையர் ஆகும் நாள் வரை 'பர்மனென்ட் வே'தான் பிழைப்பு. எந்த ஊருக்குப் போனாலும் கண் தண்டவாளத்தைத் தேடும். மகன் சலித்துக்கொண்டே காரில் அழைத்துப் போனான். கிழக்கே இருநூறு கிலோமீட்டர் போனால் கெனோரா என்ற ஊர். அதற்கு வடக்கே ரெடிட் என்ற சிற்றூர். கனடியன் நேஷனல் ரயில்வேயின் மெயின் லைன் அந்த வழியாகப் போகிறது. பாறையை வெடிவைத்துப் பிளந்து, ஏரிகளுக்கு நடுவே போட்ட பாதை. அந்தக் குளிரில் அதைப் போட்டவர்களைக் கும்பிடத் தோன்றியது. பிறகு மகன் ஒரு கதையைச் சொன்னான்.

1966 அக்டோபர் 16-ந் தேதி, கெனோராவில் இருந்த செசிலியா ஜெஃப்ரி உறைவிடப் பள்ளியிலிருந்து சானி வென்ஜாக் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் இரண்டு தோழர்களோடு ஓடிப்போனான். பள்ளியில் அவனுக்கு வைத்த பெயர் சார்லி. ஒன்பது வயதில் அங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். வீடு ஒகோகி போஸ்ட் என்ற இடத்தில், ஏறக்குறைய 600 கிலோமீட்டருக்கு அப்பால். டாட்டாநகரிலிருந்து ஹௌரா போய்த் திரும்பினாலும் அவ்வளவு தூரம் வராது. தோழர்கள் ரெடிட் பக்கத்தில் தங்கள் உறவினரிடம் நின்றுவிட்டார்கள். இவன் மட்டும் தனியாகத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு கிழக்கே நடந்தான். உடம்பில் மெல்லிய பருத்தி ஜாக்கெட். கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் சில தீக்குச்சிகள். உறைபனிக் குளிரில் ஒன்றரை நாள் நடந்து இருபது கிலோமீட்டர் போலக் கடந்திருக்கிறான். 23-ந் தேதி காலை ஒரு கூட்ஸ் வண்டியின் டிரைவர், பாதையோரம் உடல் கிடப்பதைப் பார்த்தார். ரயில்வே செக்ஷன் ஆட்களும் போலீசாரும் போய் எடுத்து வந்தார்கள்.

பாதையோரத்து உடல் என்றால் எனக்குப் புதிதல்ல. கேங்மேனைக் காவலுக்கு நிறுத்தி, ஜி.ஆர்.பி. வரும்வரை டிராலியில் உட்கார்ந்து காத்திருந்த இரவுகள் என் கணக்கில் எத்தனையோ உண்டு. ஆனால் வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு குழந்தையை நான் எடுத்ததில்லை.

அந்தப் பள்ளிகளைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது. அரசாங்கத்தின் பணம், சர்ச்சுகளின் நிர்வாகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி 1990-களின் பிற்பகுதி வரை நடந்தவை. 1920-ல் சட்டத் திருத்தம் செய்து பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். மொத்தம் சுமார் 1,50,000 குழந்தைகள் இவற்றுக்குள் போய் வந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் திரும்பி வரவே இல்லை. தாய்மொழி பேசினால் அடி. தலைமுடியை வெட்டி, பெயரை மாற்றி, அண்ணனையும் தங்கையையும் தனித்தனிக் கட்டடங்களில் வைத்தார்கள். நோக்கத்தை மறைக்கவும் இல்லை. பிள்ளையை நிலத்திலிருந்தும் குடும்பத்திலிருந்தும் பிரித்துவிட்டால் அடுத்த தலைமுறையில் 'இந்தியன்' என்று ஒருவனும் இருக்கமாட்டான் என்பதுதான் கணக்கு. 2008-ல் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். உண்மையறியும் ஆணையம் 2015-ல் அறிக்கை கொடுத்தது. இது பண்பாட்டு இனப்படுகொலை என்று எழுதி, 94 பரிந்துரைகளும் செய்தது.

ஆனால் பள்ளியை மூடினால் கதை முடிந்துவிடுமா? ஆறு வயதிலிருந்து தாயின் மடியில் இல்லாமல் வளர்ந்தவருக்குத் தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. அவருக்கு யாரும் செய்து காட்டவில்லையே. அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு மொழியும் இல்லை, வேட்டையும் தெரியாது. பட்டணத்துப் படிப்பும் முழுதாக வரவில்லை. ஒன்டாரியோவின் வடக்கே அட்டவாபிஸ்காட் என்ற ஊர், சுமார் இரண்டாயிரம் பேர். அங்கே 2016 ஏப்ரலில் ஒரே இரவில் பதினோரு பேர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார்கள். ஊர்த் தலைவர்கள் அவசர நிலை அறிவித்தார்கள். வடதுருவப் பக்கம் இனூயிட் மக்களிடையே தற்கொலை விகிதம் நாட்டின் மற்றவர்களைப்போல் 5 முதல் 25 மடங்கு என்று அவர்களுடைய தேசிய அமைப்பே 2016-ல் வெளியிட்ட தடுப்புத் திட்டத்தில் சொல்லியிருக்கிறது.

நண்பர் சொன்ன 'பிக்னிக்' இந்த இடத்தில்தான் வருகிறது.

ஜேம்ஸ் வளைகுடாவின் கிழக்குக் கரையில், க்யூபெக் மாகாணத்தில், சிசாசிபி என்று ஒரு க்ரீ ஊர். அவர்கள் மொழியில் 'பெரிய ஆறு' என்று பொருள். அங்கே இப்படி ஒரு திட்டத்தை ஊராரே நடத்துகிறார்கள். வெள்ளைக்கோட்டு டாக்டர் தலைமை தாங்குவதில்லை. காட்டில் வளர்ந்த ஒரு பெரியவர்தான் தலைமை. பிள்ளைகள் அவரோடு குடும்ப வேட்டை நிலத்துக்குப் போகிறார்கள். ஸ்ப்ரூஸ் மரக் கிளைகளை அடுக்கிக் கூடாரத்துக்குத் தரை போட வேண்டும். விறகு பிளக்க வேண்டும். உறைந்த ஏரியில் துளை போட்டு, பனிக்கட்டிக்கு அடியில் வலை விரிக்க வேண்டும். பிடித்ததை முதலில் முதியவர்களுக்குக் கொடுக்க வேண்டும். குடி கூடாது. யாரும் யாரையும் உட்கார வைத்து "உன் துக்கத்தைச் சொல்" என்று துருவுவதில்லை. விறகு அடுக்கும்போதோ, இரவில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போதோ பெரியவர் தான் உறைவிடப் பள்ளியில் பட்டதைச் சொல்லத் தொடங்குவார். அப்பா ஏன் குடித்தார் என்பது பிள்ளைக்கு அங்கேதான் முதல் தடவையாகப் புரியும். புரிவதே பாதி மருந்து.

க்ரீ மொழியில் நம் 'ஆரோக்கியம்' என்ற சொல்லுக்கு நேர்ச் சொல் இல்லையாம். 'மியுபிமாடிசீயுன்' என்பார்கள். நன்றாக உயிரோடு இருப்பது. வேட்டைக்குப் போகத் தெம்பு, குளிருக்குக் கதகதப்பு, காட்டுச் சாப்பாடு, சுற்றிலும் உறவு, எல்லாம் சேர்ந்தது அது. நோய் இல்லாமலிருப்பது மட்டும் போதாது. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் காட்டுக்குப் போவதை 'பிக்னிக்' என்று சொல்ல வாய் வராது.

சிசாசிபி மக்களின் கதையில் என் போன்ற பொறியியல்காரர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. முன்பு அவர்கள் இருந்தது ஆற்றின் முகத்துவாரத்தில் ஃபோர்ட் ஜார்ஜ் என்ற தீவில். 1970-களில் அந்த ஆற்றில் பிரம்மாண்டமான நீர்மின் திட்டம் வந்தது. அதன் பெரிய நிலையம் மட்டும் 5,616 மெகாவாட். பாறையைக் குடைந்து பூமிக்கடியில் கட்டியது, பார்த்தால் எந்த எஞ்சினீயருக்கும் மயிர்க்கூச்செறியும். ஆனால் வேட்டை நிலங்கள் நீரில் மூழ்கின. ஆற்றின் போக்கு மாறித் தீவின் கரை அரிக்கும் என்ற பயத்தில் ஊரையே 1980 வாக்கில் கரைக்கு மாற்றினார்கள். மூழ்கிய மண்ணிலிருந்தும் செடிகொடியிலிருந்தும் பாதரசம் கிளம்பி மீனுக்குள் போயிற்று. 'உங்கள் மீனை நீங்களே அளவோடு சாப்பிடுங்கள்' என்று அந்த மக்களிடம் சொல்ல வேண்டி வந்தது. ஆக, பள்ளிக்கூடம் பிள்ளைகளை நிலத்திலிருந்து எடுத்தது; அணை நிலத்தையே எடுத்தது. மிச்சமிருக்கும் நிலத்தில்தான் அவர்கள் பிள்ளைகளைக் குணப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

"சரி, இதனால் பலன் உண்டு என்று யார் அளந்தார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அளக்காமல் பேசுவது எனக்கும் பிடிக்காது. சாண்ட்லர், லலோண்ட் என்ற இரு உளவியல் அறிஞர்கள் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் சுமார் 200 பூர்வகுடிச் சமூகங்களை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து 1998-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பூர்வகுடி இளைஞர்களின் தற்கொலை விகிதம் சராசரியில் பயங்கரமாக இருந்தது. ஆனால் ஊர் ஊராகப் பிரித்துப் பார்த்தால், பாதிக்கும் மேற்பட்ட சமூகங்களில் அந்த ஐந்தாண்டுகளில் ஒரு தற்கொலைகூட இல்லை! சராசரி எவ்வளவு ஆபத்தான எண் என்பது தண்டவாளக்காரனுக்குத் தெரியும். செக்ஷன் முழுவதும் சராசரி கேஜ் சரியாகவே இருக்கும். ஓர் இடத்தில் விரிந்திருந்தால் வண்டி அங்கேதான் இறங்கும்.

எந்த ஊர்கள் தப்பின என்று பார்த்தார்கள். நிலத்துக்காக வழக்காடியவை, தங்களைத் தாங்களே ஆண்டுகொண்டவை, பள்ளியையும் சுகாதாரத்தையும் தங்கள் கையில் வைத்திருந்தவை, பண்பாட்டுக்கென்று ஓர் இடம் வைத்திருந்தவை. இப்படி அவர்கள் எடுத்துக்கொண்ட ஆறு அம்சங்களும் இருந்த ஊர்களில் இளைஞர் தற்கொலையே இல்லை. 2007-ல் மொழியையும் சேர்த்துப் பார்த்தார்கள். பெரும்பான்மையோர் சொந்த மொழியில் பேசத் தெரிந்த ஊர்களில் விகிதம் மிகமிகக் குறைவு. இது முகாமை நேராக அளந்த கணக்கல்ல. ஒன்றோடொன்று சேர்ந்து நிற்பதைக் காட்டும் கணக்கு. ஆனாலும் நிலம், மொழி, அதிகாரம் மூன்றும் யார் கையில் என்பதற்கும் பிள்ளைகளின் உயிருக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் நம்ப இது போதும்.

மொழி என்றதும் நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு சிலருக்கு ஞாபகம் வரலாம். தயவுசெய்து ஒப்பிட வேண்டாம். நாம் வேலை தேடி நாமாகவே இங்கு வந்தவர்கள். நம் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத வரவில்லையென்றால் அதற்கு யாரும் பிரம்பு எடுக்கவில்லை. நாம்தான் டியூஷனுக்கு அனுப்பிவிட்டோம்.

இனி என் கையெழுத்து. 1996 ஜனவரி. சாரண்டா காட்டுப் பக்கம் ஒரு செக்ஷனில் நான் பி.டபிள்யூ.ஐ. (பதவிப் பெயரை மாற்றிவிட்டார்கள், ஆனாலும் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.) என் கேங்கில் ஹோ இனத்துப் பையன் ஒருவன், இருபது வயதிருக்கும். அப்பா லைனில் வேலையாயிருந்து இறந்ததால் கிடைத்த வேலை. ஊரை விட்டு கேங் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தான். நன்றாக வேலை செய்வான், பிறகு மூன்று நாள் காணாமல் போவான், குடி. ஒருநாள் அவனுடைய பெரியப்பா, காலில் செருப்பில்லாமல் இருபது மைல் வந்து என் ஆபீஸ் வாசலில் நின்றார். மாகே பரப் வருகிறது, பையனை இரண்டு வாரம் ஊருக்கு அனுப்புங்கள் என்றார். "திருவிழாவுக்கா?" என்றேன். "திருவிழாவுக்கு மட்டுமில்லை சாகேப். இவன் எங்கள் ஆட்களோடு காட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டும். இவனுடைய அப்பாவுக்குச் செய்யவேண்டியது பாக்கி இருக்கிறது. எல்லாம் முடிந்தால் சரியாகிவிடுவான்" என்றார்.

அது குளிர்காலம். குளிரில் தண்டவாளம் சுருங்கி வெல்டு விட்டுப்போகும். இரவு ரோந்துக்கு ஆள் போதாது. லீவு மனுவின் குறுக்கே 'காரணம் போதாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பையனை ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பினேன். மாத்திரை கொடுத்தார்கள். அவன் பாதியில் ஓடிப்போனான். பிறகு நான் எழுதிய அறிக்கையின் பேரில் வேலை போயிற்று. விதிப்படி நான் செய்ததில் ஒரு பிழையும் காண முடியாது. காட்டில் இரண்டு வாரம் இருந்திருந்தால் திருந்தியிருப்பான் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் அவன் பெரியப்பா என்னிடம் கேட்டது லீவு அல்ல, வைத்தியம். அது எனக்கு அன்று விளங்கவில்லை. கெனோராவில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் விளங்கியது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த க்ரீ ஊர்களில் வசந்த காலத்தில் காட்டு வாத்துகள் வடக்கே திரும்பும்போது பள்ளிக்கூடத்துக்கே இரண்டு வாரம் லீவு. ஆசிரியரிடம் யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. பள்ளிக் காலண்டரிலேயே அச்சிட்டிருக்கும். தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி எல்லோரும் முகாமுக்குப் போய்விடுவார்கள். 1975 ஒப்பந்தத்தின் பேரில் 1978-ல் அவர்களுக்கென்று தனிப் பள்ளி வாரியம் வந்ததால் இது முடிகிறது. அதே ஒப்பந்தத்தின் கீழ் 1976 முதல் இன்னொரு ஏற்பாடும் உண்டு. வருஷத்தில் குறைந்தது 120 நாள் வேட்டையிலும் காட்டு வேலையிலும் கழிக்கும் குடும்பத்துக்கு உத்தரவாதமான வருமானம். காட்டில் வாழத் தெரிந்தவர்கள் இன்னும் மிச்சமிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்கள் இல்லாவிட்டால் பிள்ளைகளை யாரிடம் அனுப்புவது?

என் அபிப்பிராயம் இதுதான். எங்கள் ரயில்வேயில் இரண்டு வகை வேலை உண்டு. ஒன்று ப்ராஜெக்ட், தொடங்கும், ரிப்பன் வெட்டும், முடியும். மற்றொன்று மெயின்டனன்ஸ், வண்டி ஓடும்வரை கீமேன் தினமும் நடந்தே ஆகவேண்டும். கனடா அரசாங்கம் பிள்ளைகளை நிலத்திலிருந்து எடுத்த வேலையை நூறு வருஷத்துக்கு மேல் மெயின்டனன்ஸ் போலச் செய்தது. திருப்பிக் கொடுக்கும் வேலையை மட்டும் ப்ராஜெக்ட் போலச் செய்கிறது. 1998-ல் 350 மில்லியன் டாலர் கொடுத்து பூர்வகுடிகளின் குணமாக்கலுக்கென்று ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். அவர்களே நிர்வகித்தார்கள். ஊர் ஊராக நூற்றுக்கணக்கான வேலைகள் நடந்தன. பிறகு நிதி நீட்டிக்கப்படவில்லை. 2014-ல் கதவை மூடினார்கள். அடுத்த வருஷமே உண்மையறியும் ஆணையம், குணமாக்கும் நிலையங்களுக்கு நிலையான நிதி கொடுங்கள் என்று பரிந்துரைத்தது! ஒரு பையன் பெரியவர் மேல் நம்பிக்கை வைக்கவே இரண்டு பருவம் பிடிக்கும். மூன்றாம் பருவத்தில் ஸ்கிடூ வண்டிக்குப் பெட்ரோல் போடப் பணமில்லை என்றால் அவன் மனதில் என்ன பதியும்? இன்னும் ஒரு முறை கைவிட்டார்கள் என்றுதானே?

பணம் மட்டும் கொடுத்துவிட்டு நிலத்தைச் சுரங்கத்துக்கும் அணைக்கும் கொடுத்தாலும் பயனில்லை. டாக்டர் வேண்டாம் என்றும் நான் சொல்லமாட்டேன். போதை முற்றியவனுக்கு முதலில் ஆஸ்பத்திரிதான். முகாமிலும் பழங்காலத்தை நடித்துக்கொண்டிருப்பதில்லை. ஸ்கிடூ உண்டு, துப்பாக்கி உண்டு, ஆபத்துக்கு சாட்டிலைட் போன் உண்டு. எல்லாப் பெரியவர்களும் மகான்கள் அல்ல. யாரிடம் பிள்ளையை அனுப்புவது என்று ஊர் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். பார்க்கக்கூடிய அதிகாரம் ஊர் கையில் இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

2013 ஜனவரியில், வாப்மகூஸ்டுயி என்ற கடைக்கோடி க்ரீ ஊரிலிருந்து ஆறு இளைஞர்களும் ஒரு வழிகாட்டியும் பனிக் காலணி மாட்டிக்கொண்டு தலைநகர் ஆட்டவாவுக்கு நடந்தார்கள். 1,600 கிலோமீட்டர். வழிநெடுக ஊர்கள் சாப்பாடு போட்டன, பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். மார்ச் 25-ந் தேதி பாராளுமன்றத்தை அடைந்தபோது இருநூறு பேருக்கு மேல். பிரதமர் அன்று ஊரில் இல்லை. சீனாவிலிருந்து வந்த பாண்டாக் கரடிகளை வரவேற்க டொரன்டோ விமான நிலையம் போயிருந்தார். இளைஞர்கள் அதைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. நடந்ததே போதும் என்பதுபோல் ஊருக்குத் திரும்பினார்கள்.

இதையெல்லாம் சென்ற ஞாயிற்றுக்கிழமை நண்பரிடம் சொன்னேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் காப்பி டம்ளரை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வாரம் லீவு என்கிறீரே, அப்போது பரீட்சை?" என்றார்.

"வாத்து போன பிறகு" என்றேன்.